கோடை வானிலை முன்னறிவிப்பும் நெய்வேலிச் சுற்றுப்புறத்துச் சாகுபடியும்

வானிலை இலாகாவினர் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத் தொடக்கத்தில், அதாவது மாசி மாதத்தின் இடையில், மே மாத முடிவு வரையுள்ள கோடையைக் குறித்து ஒரு முன்னறிவிப்பு வெளியிடுகின்றனர். ஏப்ரல் தொடக்கத்தில், ஜூன் முடியவுள்ள காலத்திற்கு மற்றொன்று வெளிவருகிறது. உஷ்ணம் வழக்கத்திற்கு மிகுதியாயிருக்கக் கூடும் என்று அதில் கண்ட மாத்திரத்தில், சில குடியானவர்கள் அஞ்சிக் கோடைச் சாகுபடியையே கைவிட்டு விடுகின்றனர். வேறு சிலர், முன்னொரு வருஷம் சொன்னபடி நடக்கவில்லை என்று கூறி அதனைப் பொருட்படுத்தாது, கிணற்றின் சக்திக்கு மிஞ்சிய நிலத்தில் விதைத்து, காய் பிடிக்குஞ் சமயத்தில் பயிரை வாடவிட்டு, விதைக்கும் எருவுக்கும் ஆட்கூலிக்கும் செலவிட்ட பணம் முழுவதையும் இழக்கின்றனர். முன்னறிவிப்பு எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இவ்விரு சாராரும் ஆராய்ந்திலர். கடலூர் ஜில்லாவில் நெய்வேலியைச் சுற்றியுள்ள செம்மண் கிராமங்களுக்கு இவ்விஷயம் மிகவும் முக்கியமாதலின், அதனை ஈண்டுச் சற்று விரிவாக எடுத்துக் கூறுவோம்.

இவ்வித முன்னறிவிப்பு முறை நம் நாட்டிற்குப் புதியதன்று. இந்திய வானிலை இலாகா 1875 இல் ஸ்தாபிக்கப்பட்டது. அதற்கு மறு வருஷமே தொடங்கி 1878 வரை சென்னை ராஜதானியைப் பாழாக்கிய தாது வருஷப் பஞ்சம், மழையை முன்னதாக அறிய வேண்டியதன் அவசியத்தை யாவருக்கும் உணர்த்திற்று. இலாகாவின் முதல் தலைவராயிருந்த ஹென்றி பிளான்போர்டு, இமயமலையில் படியும் பனிக்கும் பின்வரும் பருவ மழைக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்து, 1886 இல் முதலாவது பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார். 1904 இல் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக் சமுத்திரத்தின் மீதும் இந்து மகா சமுத்திரத்தின் மீதும் காற்றின் அழுத்தம் துலாத் தட்டுகளைப்போல் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார். எல் நினோ என்று இக்காலத்தில் பத்திரிகைகளில் அடிக்கடி காணப்படும் பெயர் இந்த ஏற்றத் தாழ்வோடு சம்பந்தப்பட்டதே. ஆனால் கோடை உஷ்ணத்தைப் பற்றிய பருவ முன்னறிவிப்போ 2016 முதற்கொண்டே வழக்கத்திற்கு வந்தது. மழையைச் சொல்வதில் நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருப்பினும் அதிலும் பிழை நேருகிறது என்பதைக் குடியானவர்கள் அறிவர். உஷ்ணத்தைச் சொல்வதில் அனுபவம் பத்தாண்டு அளவினதே என்பதையும் அவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

முன்னறிவிப்பில் காணும் கணக்கு

"வழக்கம்" என்று இலாகாவினர் கூறுவது, 1991 முதல் 2020 வரையுள்ள 30 வருஷங்களின் சராசரியைக் குறிக்கும். அந்த 30 கோடைகளையும் உஷ்ணத்தின் வரிசையில் அடுக்கினால், மிகவும் வெப்பமான பத்து, நடுத்தரமான பத்து, வெப்பங் குறைந்த பத்து என மூன்று கூறாகும். ஒன்றுமே தெரியாத நிலையில், வரப்போகும் கோடை இம்மூன்றில் எதிலும் விழலாம். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு 33 பங்கு சாத்தியமுண்டு. சமுத்திரத்தின் நிலையையும் காற்றின் நிலையையும் கணித யந்திரங்களிற் கொடுத்துப் பார்த்தபின், முதற் கூறுக்கு 33 என்றிருந்தது 55 ஆகவோ 60 ஆகவோ உயரக் கூடும். முன்னறிவிப்பில் சொல்லப்படுவது இவ்வளவே. 60 என்று கூறின், அத்தகைய நூறு கோடைகளில் 60 கோடைகள் மிகுந்த வெப்பமாயிருக்கும், 40 கோடைகள் அவ்வாறிரா என்பது பொருள். இந்த நாற்பதில் ஒன்று வந்துவிட்ட வருஷத்தில் முன்னறிவிப்பு பொய்த்தது என்று பழிப்பது நியாயமன்று. சாவடியிற் பேசப்படும் "போன தடவை சொன்னது நடக்கவில்லை" என்னும் வாதம் பெரும்பாலும் இக்கணக்கை அறியாமையால் எழுவதே.

மேலும் அது ஒரு குறிப்பிட்ட நாளையோ ஊரையோ பற்றியதன்று. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் ஆகிய யாவும் வானிலைக் கணக்கில் ஒரே பிரிவாக வைத்து எண்ணப்படுகின்றன. கரூரின் வறண்ட மேட்டு நிலமும், நாகப்பட்டினத்துக் கடலோரமும், நெய்வேலிச் செம்மண்ணும் அப்பிரிவில் அடங்கும். படத்தில் காணும் நிறம் நெய்வேலியின் மேல் விழுந்திருப்பினும், அது அவ்வூரின் வயல்களை நோக்கிப் பிரத்தியேகமாகச் சொன்னதாகாது.

2024 ஆம் வருஷக் கோடை இதற்குத் தக்க உதாரணம். எல் நினோ தளர்ந்து கொண்டிருந்த அவ்வருஷத்தில், ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பெரும் பகுதியில் உஷ்ணம் மிகுந்திருக்கும் என்று முன்னறிவிக்கப்பட்டது. அவ்வாறே ஏப்ரலிலும் மே மாதத் தொடக்கத்திலும் தமிழ்நாட்டின் உள் ஜில்லாக்களில் ஈரோடு, கரூர், சேலம், வேலூர் முதலிய இடங்களில் 40 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணம் பல நாட்கள் நீடித்தது. கோடை மழையும் அம்மாதத்தில் மிகக் குறைவு. ஆனால் மே மாத நடுவிலிருந்து நல்ல மழை பரவலாகப் பெய்தது. ஒரே கோடையில் இரு குணங்களும் அடங்கியிருந்தன. மூன்று மாதத்துச் சராசரியை மட்டும் பார்ப்பவனுக்கு இவ்வேறுபாடு புலப்படாது. தமிழ்நாட்டில் மார்ச்சு முதல் மே வரை வழக்கமாகப் பெய்யும் மழை சுமார் 125 மில்லிமீட்டர், அதாவது 5 அங்குலமே. அதுவும் இடியோடு கூடிப் பிற்பகலில் ஒரு கிராமத்தில் கொட்டி, அடுத்த கிராமத்தைத் தொடாமல் செல்லும் இயல்புடையது. அதனை முன்னதாக அளவிட்டுச் சொல்லுதல் எவர்க்கும் அரிது.

கடற்காற்றும் மேல்காற்றும்

நெய்வேலி கடற்கரையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் உட்புறத்தில் உள்ளது. கோடையில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால், முற்பகலின் பின்பகுதியில் கடலூர் ஓரத்தில் கடற்காற்று எழுந்து, பின்னர்ச் சிறிது சிறிதாக உள்ளே வருகிறது. குறிஞ்சிப்பாடிக்கு வந்த பின்னரே நெய்வேலிக்கும், அதன் பின்னரே விருத்தாசலத்திற்கும் அது சேரும். அது வந்து சேரும் வேளையே அந்நாளின் உச்ச உஷ்ணத்தை நிர்ணயிக்கிறது. மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்திருந்தால், கடற்காற்று தாமதிக்கும். சில நாட்களில் வாராமலே போகும். அந்நாட்களில்தான் இலையோரம் கருகுதலும், பிஞ்சு உதிர்தலும் மிகுதியாகக் காணப்படும்.

கத்திரி முடிந்தால் வெயில் முடிந்தது என்னும் நம்பிக்கை இங்கே பரவியுள்ளது. மே 4 ஆம் தேதி வாக்கில் தொடங்கி அம்மாத முடிவுக்குச் சற்று முன் நிற்கும் அக்கினி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு. காற்று அக்கணக்கிற்குக் கட்டுப்பட்டதன்று. தென்மேற்குப் பருவக் காற்று கேரளத்தை நெருங்கும் மே மாதக் கடைசியிலும் ஜூன் முதலிலும், கீழ்க்கரையில் மேல்காற்று வலுக்கிறது. சென்னையில் 45 டிகிரி உஷ்ணம் பதிவானது 2003 ஆம் வருஷம் மே 31 ஆம் தேதி, அதாவது கத்திரி கழிந்த பிறகே. எனவே வைகாசியின் பிற்பகுதியில் நாற்று விடுபவரும், தென்னங்கன்று நடுபவரும், கத்திரி போயிற்று என்று நிழலையும் நீரையும் குறைத்து விடலாகாது.

உஷ்ணத்தை அளக்கும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நிலத்திலிருந்து சுமார் நான்கடி உயரத்தில், வெயில் படாது காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டியினுள் வைக்கப்படுகிறது. அதில் 39 டிகிரி காணும் நண்பகலில், மரமற்ற செம்மண் தரையின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டக் கூடும். நம் நாட்டு விவசாய வானிலை ஆராய்ச்சிக்கு மூலபுருஷராகிய எல். ஏ. ராமதாஸ் 1930 களில் பூனாவில் நடத்திய ஆராய்ச்சிகள், தரையை ஒட்டிய காற்றும் மண்ணின் மேற்பரப்பும் வேறொரு சீதோஷ்ணத்தை உடையன என்பதைத் தெளிவுபடுத்தின. விதையும் வேரும் காயும் வசிப்பது அந்தச் சீதோஷ்ணத்தில்தான். நெய்வேலி நகரியத்தில் வீதிதோறும் மரங்கள் அடர்ந்துள்ளன. அந்நிழலில் நின்று சுரங்கத்தின் மண்மேட்டையோ, அறுவடை முடிந்த வெறுங் கொல்லையையோ பற்றித் தீர்மானிக்க இயலாது.

கோடையின் தண்ணீர் மார்கழியில் தெரியும்

இப்பகுதிக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் கிடைப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில். ஆகையால் கோடையில் கிணறு எவ்வளவு கொடுக்கும் என்பது மார்ச்சு மாதத்து முன்னறிவிப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்னரே தீர்மானமாகிவிடுகிறது. 2016 ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 2017 ஜனவரியிலேயே எல்லா ஜில்லாக்களும் வறட்சிக்குள்ளானவையாக அறிவிக்கப்பட்டன. அவ்வருஷத்துக் கோடையின் கஷ்டத்தை அறிய எவரும் மார்ச்சு வரை காத்திருக்க வேண்டியிருந்ததில்லை. இதற்கு மேலும் ஒரு காரணமுண்டு. மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்று இப்பக்கத்தார் வழங்கும் நிலக்கடலையை இறைவையில் விதைப்பது மார்கழி, தை மாதங்களில். மாசியில் வரும் முன்னறிவிப்பு அவ்விதைப்புக்கு உதவாது. நின்ற பயிரைக் காப்பதற்கும், சித்திரைப் பட்டத்தைப் பற்றி யோசிப்பதற்குமே அது பயன்படும்.

நெய்வேலியின் நிலத்தடி நீர் மற்ற ஊர்களைப் போன்றதன்று. 1930 களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்திற் கிணறு தோண்டியபோது பழுப்பு நிறப் பொருள் வெளிப்பட்டதும், பின்னர் அது பழுப்பு நிலக்கரியென்று தெளிந்து, 1956 இல் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டதும் யாவரும் அறிந்த வரலாறு. அந்நிலக்கரிப் படிவத்தின் கீழ், மணற்கல்லினுள், பெரும் அழுத்தத்தோடு நீர் அடைபட்டுள்ளது. அதனை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடில், சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பீறிடும். இறைத்த நீரில் ஒரு பகுதி மின் நிலையங்களுக்கும் நகரியத்திற்கும் செல்ல, எஞ்சியது வாய்க்கால்கள் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சேர்ந்து அங்குள்ள பாசனத்திற்கு உதவுகிறது. இவ்வேரிகளின் ஆயக்கட்டில் உள்ளவர்க்கு வறண்ட கோடை வேறு, மேட்டுக் கொல்லையில் தனிக் கிணறு வைத்திருப்பவர்க்கு வறண்ட கோடை வேறு. ஒரே கிராமச் சாவடியில் ஒரே முன்னறிவிப்பைக் கேட்கும் இவ்விருவரும் ஒரே முடிவைச் செய்வது தவறாகும். மேற்படிவத்துத் திறந்த கிணறு ஒரு மழையில் ஏறி, இரு மாத வெயிலில் இறங்கும். ஆழ்துளைக் கிணறு தொடும் கீழ்ப்படிவமோ தொலைவில் உள்ள செம்மண் மேடுகளில் பெய்யும் மழையால் பல வருஷங்களில் மெல்ல ஊறுவது. ஒரு கோடை மழை பெய்துவிட்டதென்று அது உடனே நிரம்பாது.

கிணற்றைக் கொண்டு பரப்பை நிர்ணயித்தல்

மோட்டாரின் குழாய் வாயில் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். 72 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 10,000 லிட்டர் வருகிறது. கிணறு வற்றாமல் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்க. ஐந்து மணி நேரம் எனின் 50,000 லிட்டர். வாய்க்காலிலும் மடையிலும் கால் பங்கு வீணாகும் எனக் கொண்டால், பயிருக்குச் சேர்வது 37,500 லிட்டர்.

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்கச் சுமார் 4,000 லிட்டர் வேண்டும். நிலத்தை மூடி வளர்ந்த பயிரிலிருந்து தை மாதத்தில் நாள்தோறும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஏக்கருக்கு 16,000 லிட்டர் தேவை. மேற்படி கிணறு அப்பொழுது 2⅓ ஏக்கரைத் தாங்கும். சித்திரையில், சாதாரணக் கோடையாயின் 6 மில்லிமீட்டர். 24,000 லிட்டர் தேவைப்படுவதால் ஒன்றரை ஏக்கரைத்தான் தாங்கும். வெப்பமும் மேல்காற்றும் மிகுந்த கோடையில் 7 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 28,000 லிட்டர் வீதம் 1⅓ ஏக்கருக்கே போதும்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சாதாரணக் கோடைக்கும் வெப்பமான கோடைக்கும் உள்ள வித்தியாசம், இக்கிணற்றில் கால் ஏக்கருக்கும் குறைவு. அதே கிணறு சித்திரையில் ஐந்து மணி நேரத்திற்குப் பதிலாக மூன்றரை மணி நேரமே ஓடுமாயின், பயிருக்குச் சேர்வது 26,250 லிட்டர். வெப்பமான கோடையில் அது ஒரு ஏக்கருக்குக்கூட முற்றும் போதாது. ஆகக் கிணறு இறங்குவதால் உண்டாகும் குறைவு, உஷ்ணம் ஏறுவதால் உண்டாகும் குறைவைவிடப் பெரிது. முன்னறிவிப்பைப் பற்றி விவாதிப்பதிற் செலவிடும் நேரத்திற் பாதியைப் பீப்பாயும் கடிகாரமும் கொண்டு கிணற்றடியிற் செலவிடுதல் நலம். தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களிலும் முதல் தேதியன்று இவ்வாறு அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருபவர், மூன்று நான்கு வருஷங்களில் தம் கிணற்றின் குணத்தை எந்த இலாகாவும் சொல்ல முடியாத அளவுக்கு அறிந்துவிடுவர். வெப்பம் மிகும் என்ற முன்னறிவிப்பு வந்த வருஷத்தில், அக்கணக்கில் மிகக் குறைந்து கண்ட வருஷத்தின் அளவை எடுத்துக்கொண்டு பரப்பைத் தீர்மானித்தல் வேண்டும்.

பயிர்களைப் பற்றி

நிலக்கடலை விதைத்த 25 அல்லது 30 நாட்களில் பூக்கத் தொடங்குகிறது. 45 ஆம் நாளுக்கு மேல் விழுதுகள் மண்ணில் இறங்கி, 85 ஆம் நாள் வரை காய் திரளும். தண்ணீர் குறைந்தால் தாங்காத காலம் இதுவே. பகல் உஷ்ணம் 35 டிகிரியை மிகவும் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூக்கள் பிடிப்பதும் குறைகிறது. மார்கழியில் விதைத்த பயிர், பங்குனி வெயில் முற்றுமுன் பூத்துக் காயும் பிடித்துவிடும். மாசியில் காலந்தாழ்த்தி விதைத்தது சித்திரையில் விழுது இறக்கும். அது மேற்கூறிய இரு கேடுகளுக்கும் ஆளாகும். எனவே மாசி விதைப்பை, கிணறு எவ்வளவு நன்றாயிருப்பினும், வெப்பம் மிகும் என்று அறிவிக்கப்பட்ட வருஷத்தில் தவிர்ப்பதே உத்தமம். நின்ற பயிருக்கு நீர் போதாது என்று கண்டால், எல்லாப் பாத்திகளுக்கும் அரைகுறையாய்ப் பாய்ச்சுவதைவிட, நல்ல பயிருள்ள பகுதியைத் தேர்ந்து அதற்கு மட்டும் முழு நீர் கொடுத்து, மற்றதைக் கால்நடைத் தீவனமாக அறுத்துக்கொள்வது மேல். கண்ணெதிரே பயிரைக் கைவிட மனம் இசையாதுதான். ஆயினும் மூன்று ஏக்கர் பொக்குக்காயைக் காட்டிலும் ஒரு ஏக்கர் முற்றிய காய் அதிகப் பணம் தரும். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பதை, ஈரமுள்ள நாளில், விழுது இறங்குமுன் முடித்துவிட வேண்டும்.

முந்திரியின் காரியம் வேறு. பூக்கும் காலத்தில் வறட்சி அதற்கு நன்மையே. மேகமூட்டமும் மழையுமே கெடுதி. ஆனால் பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது உஷ்ணம் 39, 40 டிகிரியைத் தாண்டினால் உதிர்கின்றன. இறைவை வசதியுள்ளவர்கள், ஜனவரி முதல் மார்ச்சு வரை பதினைந்து நாளைக்கு ஒரு முறை மரத்திற்கு 200 லிட்டர் வீதம் நீர் விட்டால் மகசூல் நன்கு உயருகிறது. ஏக்கருக்கு 70 மரம் எனின் ஒரு தடவைக்கு 14,000 லிட்டரே ஆகும். மேலே கூறிய கிணற்றின் ஒரு நாளைய நீரில் பாதியும் அன்று. நிலக்கடலைக்கு மிஞ்சிய நீரை இதற்குச் செலவிடுவது புத்திசாலித்தனம். மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காமல், வேர்ப் பாகத்தைச் சுற்றி வட்டமாகப் பரப்பினால் மண் குளிரும். எனினும் காய்ந்த சருகு தீயை வரவேற்பது. ஒரு பீடித் துண்டு ஒரு தோப்பையே அழிக்கும். தோப்பின் எல்லையை ஒட்டி நாலு முழ அகலத்திற்குச் சருகை நீக்கி உழுதுவிட வேண்டும். 2011 டிசம்பர் 30 ஆம் தேதி வீசிய தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில், அதன்பின் நட்ட மரங்கள் பலன் கொடுத்து வருகின்றன. வருஷக் கணக்கில் வளர்த்ததை ஒரு நாளைத் தீக்குக் கொடுத்தல் தகாது.

கரும்புக்குப் பார்களின் இடையில் தோகை பரப்புதல் போதிய காப்பாகும். நாற்றங்காலுக்கு வேண்டிய இடத்தை ஈரப்படுத்தி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளால் ஓரங்களில் மண் அணைத்து நாலைந்து வாரம் மூடி வைத்தால், அக்கினி நட்சத்திரத்து வெயிலே களை விதைகளையும் பூஞ்சணங்களையும் கொன்றுவிடும். வெப்பமான கோடை இவ்வொரு காரியத்திற்கு அநுகூலமானது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை

பருவ முன்னறிவிப்பு வேறு, நாளடைவில் வரும் எச்சரிக்கை வேறு. சமவெளியில் உஷ்ணம் 40 டிகிரியையும் கடற்கரையில் 37 டிகிரியையும் எட்டி, வழக்கத்திற்கு நாலரை டிகிரி அல்லது அதற்கு மேல் மிகுந்தால் அதனை வெப்ப அலை என்பர். இவ்வெச்சரிக்கை சில நாட்களுக்கு முன்னரே சென்னை வானிலை மையத்திலிருந்து கிடைக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் பருவ முன்னறிவிப்பைக் கிராம சபையில் ஒரு முறை விளக்கினாற் போதும். வெப்ப அலை எச்சரிக்கையையோ அன்றன்றே தண்டோராவாலோ ஒலிபெருக்கியாலோ அறிவிக்க வேண்டும். முந்திரிக் கொட்டை பொறுக்குவோரும், கடலை பறிப்போரும் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் வயது சென்றவர்களும் உளர். வேலையை விடியற்காலத்தில் தொடங்கிப் பதினொரு மணிக்குள் நிறுத்தி, மாலையில் தொடருமாறு நில உடைமையாளர்கள் ஏற்பாடு செய்தல் வேண்டும். கூலியைக் குறைக்காமல் இதனைச் செய்தாலன்றி வேலையாட்கள் இதற்கு இணங்கார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெப்ப அலையைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது; அதனால் இறந்தோர் குடும்பத்திற்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்பின் காரணம் முறைப்படி நிச்சயிக்கப்பட்டாலன்றி அது கிடைப்பதரிது. ஆகையால் வெயிலில் மயங்கி வீழ்ந்தவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லாமல் வீட்டிற்குக் கொண்டுபோவது இரு வகையிலும் தீங்காகும்.

ஏரிகள் வறண்டிருக்கும் இக்காலமே வண்டல் எடுக்கும் காலம். 2024 முதல் தாசில்தார் அளவிலேயே இதற்கு அனுமதி கிடைக்கிறது. நெய்வேலிச் சுற்றுப்புறத்துச் செம்மண்ணின் பெருங்குறை, நீரைத் தாங்காமையே. ஏரி வண்டல் சேர்ந்த கொல்லையில் இரு பாய்ச்சலுக்கு இடையிலுள்ள நாட்களைக் கூட்டலாம்.

முதல் கோடை மழை

மழைமானி வைத்துள்ள கிராமத்தில் காலை எட்டரை மணிக்கு அளவு பார்த்துக் குறிக்க வேண்டும். 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் பெய்திருந்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் நீர் இலவசமாகக் கிடைத்தது என்று கொள்க. அவ்வீரம் காய்வதற்குள் சரிவுக்குக் குறுக்காக உழுதுவிட வேண்டும். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது வீண் பேச்சன்று. அப்புழுதி அடுத்த மழையை வழிந்தோட விடாது உள்ளிழுக்கும். கோரை முதலிய களைகளின் கிழங்குகளும் வெயிலில் காயும். நிலக்கடலை விளைந்த கொல்லைகளில் இதற்கு மற்றொரு பிரயோஜனமுண்டு. சென்ற பருவத்துக் கம்பளிப் புழுக்கள் மண்ணினுள், வரப்போரங்களிலும் மரத்தடிகளிலும், கூட்டுப்புழுவாக உறங்கிக் கிடக்கின்றன. உழவில் அவை மேலே வந்து வெயிலாலும், காக்கை, மைனா முதலிய பறவைகளாலும் அழியும். உழாது விட்ட இடங்களில், நல்ல மழை பெய்த சில நாட்களுக்குள் அந்துப் பூச்சிகள் கூட்டமாக வெளிப்படுகின்றன. அவ்விரவுகளில், பொழுது சாய்ந்தது முதல் நடுச்சாமம் வரை, கொல்லையோரங்களில் விளக்குப் பொறி வைத்தோ சொக்கப்பனைபோல் தீ மூட்டியோ அவற்றைக் கவர்ந்து கொல்லலாம். ஒருவர் மட்டும் செய்வதாற் பயனில்லை. ஊரார் யாவரும் ஒரே இரவில் செய்ய வேண்டும். தோப்புகளில் சருகு உலர்ந்திருக்குமாதலின், முந்திரியை அடுத்த கொல்லைகளில் தீ மூட்டாது விளக்குப் பொறியையே உபயோகிக்க வேண்டும். விளக்கின் கீழே அகன்ற சட்டியில் நீர் நிரப்பி, அதன்மேல் சிறிது மண்ணெண்ணெய் விட்டு வைத்தால் விழுந்த பூச்சிகள் மீண்டும் எழா.